பீடம் இல்லாத சிற்பங்கள்: திருவனந்தபுரத்தின் பூங்காக்களைக் காணச் செல்வோருக்கு

திருவனந்தபுரத்துக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பயணிகளுள் பெரும்பாலோர் பத்மநாபசுவாமி கோயிலுக்கு ஒரு காலைப்பொழுதையும் கோவளத்துக்கு ஒரு மாலைப்பொழுதையும் ஒதுக்கிவிட்டு ஊர் திரும்புகின்றனர். பூங்காக்களைக் காண்பதற்கென்றே ஒரு நாளைத் திட்டமிடுவோர் அரியர். அப்படித் திட்டமிடுவோர்க்கு ஓர் எளிய வரிசை உண்டு. காலையில் அருங்காட்சியகத் தோட்டம், பிற்பகலில் வேளி, அந்தி சாயும் நேரத்தில் சங்குமுகம். நகரின் நடுவிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் இவ்வழி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குச் செல்லும் வழியாகவும் அமைந்துவிடுகிறது. பொதுப்பூங்கா என்பதற்கும் சிற்பம் என்பதற்கும் உள்ள உறவு இடைப்பட்ட காலத்தில் எவ்வாறு மாறியது என்பதை இந்த ஒரு நாள் நடையில் கண்டுகொள்ளலாம்.

அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. புதன்கிழமை முற்பகலிலும் கதவு திறப்பதில்லை. இதை அறியாமல் சென்று ஏமாந்தோர் பலர். ஆனால் தோட்டத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. கட்டடத்தின் கதவு திறப்பதற்கு நெடுநேரம் முன்பே நடைப்பயிற்சி செய்வோரால் அது நிரம்பிவிடுகிறது.

இத்தோட்டத்தின் தோற்றம் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்துக்குரியது. ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த ஜெனரல் கல்லன் திரட்டிய பொருள்களைக் கருவாகக் கொண்டு 1857-இல் அருங்காட்சியகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர், திருவனந்தபுரம் வானியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த ஜான் ஆலன் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து அறிவியலாளர். காட்சிப்பொருள்களை மட்டும் வைத்தால் மக்கள் திரளமாட்டார்கள் என்பது விரைவில் புலப்பட்டது. அடுத்த ஈராண்டுக்குள் விலங்குகளும் மரஞ்செடிகளும் சேர்ந்தன. கல், செப்பு, விலங்கு, மரம் என அனைத்தையும் ஒரே வேலிக்குள் தொகுத்து, பெயர்ப்பலகை இட்டு, நடந்தபடியே கற்கச் செய்வது அக்காலப் பொதுப்பூங்காவின் இலக்கணம்.

சென்னையிலும் அதே காலத்தில் இதே முயற்சி நிகழ்ந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் விலங்குக் காட்சிச்சாலையைத் தொடங்கினார். பின்னர் அது ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் உருவாக்கிய மக்கள் பூங்காவுக்கு மாறியது. 116 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவின் பெயரை இன்று சென்னையில் எத்தனை பேர் அறிவர்? விக்டோரியா பொதுமண்டபம், மூர் மார்க்கெட், நேரு விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக அதன் நிலத்தில் எழுந்தன. ஒவ்வொரு கட்டடமும் வந்தபோது அதற்குத் தக்க நியாயம் ஒன்று இருந்தது. எல்லா நியாயங்களையும் கூட்டிப் பார்த்தபோது பூங்கா மீதமில்லை. 1985-இல் விலங்குகளும் வண்டலூருக்குச் சென்றுவிட்டன. திருவனந்தபுரத்தின் தோட்டம் இந்தக் கதியைத் தப்பியது. விலங்குகளும் மரங்களும் அருங்காட்சியகமும் இன்றும் ஒன்றாகவே நிற்கின்றன.

பழைய கட்டடம் 1874-இல் இடிக்கப்பட்டு, ராபர்ட் சிஷம் வரைந்த புதிய கட்டடம் 1880-இல் நிறைவுற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்த அதே சிஷம்தான் இவர். சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது. செங்குத்தான ஓட்டுக்கூரையும் முகப்பு மரவேலையும் கேரளத் தச்சுமரபை நினைவூட்ட, வண்ணச் செங்கல் அடுக்குகள் வேறு மரபுகளைப் பேசுகின்றன. உள்ளே கற்சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் தந்த வேலைப்பாடுகளும் உள்ளன. இதே வளாகத்தில் 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீசித்திரா கலைக்கூடத்தில் ரவிவர்மாவின் ஓவியங்களைக் காணலாம். இங்குள்ள செப்புத் திருமேனிகள் வழிபாட்டிடத்திலிருந்து பெயர்ந்து பீடத்தின் மேல் ஏறியவை. பீடத்தின் விளிம்போடு அவற்றின் எல்லை முடிகிறது. அவற்றை வேறோர் அறைக்கு மாற்றினாலும் பார்ப்பவருக்கு இழப்பேதும் தோன்றாது.

நகரைக் கடந்து மேற்கே செல்லும்போது இந்த இலக்கணம் உடைகிறது. உடைத்தவர் கானாயி குஞ்ஞிராமன்.

1937-இல் இன்றைய காசர்கோடு மாவட்டத்தின் செறுவத்தூரை அடுத்த குட்டமத்தில் பிறந்தவர் கானாயி. அப்பகுதி அன்று சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தது. கலை கற்க அவர் சென்றதும் சென்னைக்கே. அரசு கலை, கைத்தொழிற் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரி, கே.சி.எஸ். பணிக்கர் ஆகிய இரு பெரும் ஆசிரியர்களின் காலத்தில் பயின்று 1960-இல் பட்டயம் பெற்றார். அவருடைய மாணவப் பருவத்தின் இறுதியில், 1959-இல், ராய் சௌத்ரியின் ‘உழைப்பின் வெற்றி’ மெரினாவில் நிறுவப்பட்டது. தமிழர் உழைப்பாளர் சிலை என்றே அறிந்த அந்த வெண்கலப் படைப்பு உயர்ந்த பீடத்தின் மேல் நிற்பது. பின்னர் கானாயி லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளியில் பயின்றார். அந்நகரின் பேட்டர்சீ பூங்காவில் 1948-லேயே சிற்பங்களைத் திறந்தவெளியில் புல்மேல் வைத்துக் காட்டும் பெருங்கண்காட்சி நடந்திருந்தது. சிற்பத்தை அறையிலிருந்து வெளியே கொணரும் எண்ணம் அங்கு வேரூன்றிவிட்ட காலம் அது.

கானாயியின் முதற்பெரும் படைப்பு திருவனந்தபுரத்தில் இல்லை. பாலக்காட்டை அடுத்த மலம்புழாவில் உள்ளது. அந்த அணையை 1955-இல் திறந்து வைத்தவர் சென்னை மாநில முதலமைச்சர் காமராஜர் என்பது இன்று இரு மாநிலத்தாருமே மறந்துவிட்ட செய்தி. அணையை ஒட்டிய தோட்டத்தில் 1969-இல் கானாயி 30 அடி உயர யட்சியை வடித்தார். ஆடையற்ற அப்பெண்ணுருவம் தரைமீதே அமர்ந்து மேல்நோக்கியிருக்கிறது. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. எதிர்த்தோர் அந்த உடலைப் பற்றியே பேசினர்; பீடம் இல்லாததைப் பற்றி எவரும் பேசவில்லை. கலை வரலாற்றின் நோக்கில் பெரிய துணிவு பின்னதே. பின்னணியிலுள்ள மலைத்தொடர் இல்லாமல் யட்சியைக் கற்பனை செய்யவே இயலாது.

பின்னர் திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரியில் சிற்பத் துறைக்குத் தலைமையேற்ற கானாயி, தலைநகரின் கடற்கரையில் இதே கருத்தை மேலும் விரித்தார். வேளியில் காயலும் அரபிக்கடலும் ஒரு மணல்திட்டால் மட்டுமே பிரிக்கப்பட்டுள்ளன. மழை மிகும் பருவத்தில் அத்திட்டு உடைந்து இரு நீரும் கலக்கும். சற்று வடக்கே, 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பா. வேளியின் சுற்றுலாக் கிராமத்தில் கானாயி அமைத்தவற்றுள் பெரியது சங்கு. சங்கு திருவிதாங்கூர் அரசின் இலச்சினை. அருகிலுள்ள கடற்கரையின் பெயரிலும் அதுவே உள்ளது. வேளியில் நடப்பவர் சிற்பங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நிலம் ஏறி இறங்கும் இடங்களில் அவை தாமே எதிர்ப்படும்.

சங்குமுகம் பழைமையான சடங்குநிலம். ஆண்டுக்கு இருமுறை, பைங்குனி விழாவின் முடிவிலும் அல்பசி விழாவின் முடிவிலும், பத்மநாபசுவாமி ஆறாட்டுக்காக இக்கடலுக்கு எழுந்தருளுகிறார். பங்குனி, ஐப்பசி என்னும் தமிழ்த் திங்கட்பெயர்களே சற்றுத் திரிந்து இவ்விழாக்களின் பெயர்களாக நிற்பதைத் தமிழர் எளிதில் உணர்வர். ஊர்வலப் பாதையின் குறுக்கே இன்று விமான நிலையத்தின் ஓடுபாதை உள்ளது. அந்நாள்களில் சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்பட்டு, யானையும் வாளேந்திய அரச குடும்பத் தலைவரும் வாகனங்களும் ஓடுபாதையைக் கடந்து செல்கின்றனர். ஓர் இடத்தின் முந்தைய உரிமையை மதிப்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு காண்பது கடினம்.

அந்தக் கடற்கரையில் 1992-இல் நிறைவுற்றது ‘சாகர கன்னிகை’. 87 அடி நீளமும் 25 அடி உயரமும் கொண்ட கடற்கன்னி. கடலை எதிர்கொண்டு மணல்வெளியில் சாய்ந்து கிடக்கிறாள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நிர்வாணத்தைக் காரணங்காட்டி அதிகாரத் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது, முதலமைச்சர் கே. கருணாகரனின் தலையீட்டுக்குப் பின்னரே பணி தொடர்ந்தது. கானாயி அங்குள்ள தரையையும் மேடும் பள்ளமுமாகத் தாமே வகுத்தார். எந்தத் தொலைவிலிருந்து நோக்கினால் உடலின் வளைவும் அடிவானக் கோடும் இணையும் என்பது அந்த வகுப்பில் அடங்கியிருந்தது. அப்படியாயின் சிற்பம் எங்கே முடிகிறது? சிமெந்து முடியும் இடத்திலா, மேடு சரிந்து மணலில் கலக்கும் இடத்திலா?

இக்கேள்வி 2020-இல் நடைமுறைச் சிக்கலாகவே எழுந்தது. விமானப் படையின் பணியிலிருந்து விடுபட்ட ஒரு ஹெலிகாப்டர், சுற்றுலாப் பயணிகளுக்கான புதிய காட்சிப்பொருளாகக் கடற்கன்னியின் அருகே நிறுத்தப்பட்டது. கானாயி மனம் நொந்து எதிர்ப்புத் தெரிவித்தார். சிற்பத்தில் ஒரு கீறலும் விழவில்லையே, பிறகு எதற்கு வருத்தம் என்று கேட்டோர் உண்டு. பீடத்தின் விளிம்போடு சிற்பம் முடிந்துவிடுகிறது என்னும் அருங்காட்சியக இலக்கணத்தில் நின்று பார்த்தால் அக்கேள்வி முறையானதே. பீடத்தையே துறந்த சிற்பத்துக்கு அது பொருந்தாது.

நியூயார்க்கில் இதற்கு நேர்மாறான வழக்கு ஒன்று நடந்தது. ரிச்சர்டு செர்ரா 1981-இல் ஒரு சதுக்கத்தின் குறுக்கே 120 அடி நீள எஃகுச் சுவரை அமைத்தார். அங்குப் பணியாற்றியோர் வெறுத்தனர். நீண்ட விசாரணைக்குப் பின் 1989-இல் அது அகற்றப்பட்டது. அந்த இடத்துக்கென்றே செய்ததை அங்கிருந்து பெயர்ப்பது அழிப்பதற்குச் சமம் என்பது செர்ராவின் வாதம். அங்கே இடம் எஞ்சியது, சிற்பம் போயிற்று. சங்குமுகத்தில் சிற்பம் எஞ்சியது, இடம் போயிற்று.

இந்தியச் சட்டம் இவ்விரண்டாம் வகை இழப்பைக் காண்பதில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57-ஆம் பிரிவில், படைப்பைச் சிதைப்பதற்கு எதிரான தனியுரிமையைக் கலைஞருக்கு வழங்குகிறது. விக்ஞான் பவனிலிருந்து பெயர்த்துச் சிதைக்கப்பட்ட தம் வெண்கலச் சுவர்ச்சிற்பத்துக்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், டெல்லி உயர்நீதிமன்றம் 2005-இல் அதைத் திருப்பித் தரவும் 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது இப்பிரிவின் அடிப்படையில்தான். ஆனால் அதே பிரிவின் விளக்கம், படைப்பைக் கலைஞர் மனம் நிறையும்படி காட்சிப்படுத்தத் தவறுவது உரிமை மீறலாகாது என்றும் கூறுகிறது. உடலுக்குக் காப்பு உண்டு, சூழலுக்கு இல்லை. நிலத்தையே தம் ஊடகமாகக் கொண்ட ஒரு கலைஞருக்கு, இந்தச் சட்டம் கைகொடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

எனவே அவர் கையிலிருந்த வேறொன்றைப் பயன்படுத்தினார். 2022-இல் கேரள அரசு தன் உயர் குடிமை விருதுகளை முதன்முறையாக அறிவித்தபோது ‘கேரள ஸ்ரீ’ பெற்றோர் பட்டியலில் கானாயியின் பெயரும் இருந்தது. சங்குமுகம், வேளி, கண்ணூரின் பையாம்பலம் ஆகிய இடங்களில் தம் படைப்புகள் சீரழிக்கப்பட்டிருப்பதைச் சுட்டி, அவர் விருதை ஏற்க மறுத்தார். அதே ஆண்டில்தான் உலகின் மிகப்பெரிய கடற்கன்னிச் சிற்பம் என்று சாகர கன்னிகையைக் கின்னஸ் நிறுவனம் பதிவு செய்தது. நீளத்தை அளக்க நாடா போதுமானதாக இருந்தது.

அரசுத் தரப்பை முழுவதும் குற்றம் கூறுவதும் நேர்மையாகாது. கடற்கரை பொதுச்சொத்து, அங்கு வருவோருள் பலர் குழந்தைகளோடு வருபவர்கள், ஹெலிகாப்டரைக் கண்டு அவர்கள் மகிழ்வது பொய்யல்ல. நிலம் நிலையாக இருப்பதும் இல்லை. அண்மைப் புயல்களாலும் கடலரிப்பாலும் சங்குமுகத்தின் மணற்பரப்பு பெருமளவு தேய்ந்தது; 2021 மே மாதத்து டவ்தே புயலில் கரையோரச் சாலையே பிளந்தது. கடல் எடுத்துக்கொள்வதைக் கலைஞர் எதிர்க்க இயலாது. ஆனால் ஒரு காட்சிப்பொருளை எங்கே நிறுத்துவது என்பது கடலின் முடிவு அன்று.

சங்குமுகம் செல்வோர் மாலை ஐந்து மணிக்குப் பின் செல்வது நன்று. சாலையோரம் நின்று புகைப்படம் எடுத்துத் திரும்பாமல் கன்னியைச் சுற்றி ஒரு முறை நடந்து, தரை எங்கெங்கே உயர்கிறது, எங்கே சரிகிறது என்று பார்க்க வேண்டும். அவளுடைய தலைப்பக்கமாகச் சற்று விலகித் தாழ்வாக அமர்ந்தால், ஹெலிகாப்டர் பார்வையிலிருந்து மறையும் ஓரிடத்தைத் தேடிக் காணலாம். அங்கிருந்து உடலின் கோட்டையும் கடலின் கோட்டையும் ஒருசேர நோக்கலாம்.