வீட்டிலேயே சொந்த மெயில் சர்வர்: அமைப்பது எப்படி? மெயில் போகவில்லை என்றால் என்ன செய்வது?

பழைய லேப்டாப் ஒன்றும் பிராட்பேண்ட் இணைப்பும் இருந்தால் வீட்டிலேயே மெயில் சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று யூடியூபில் நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. உண்மைதான். ஆனால், சர்வரை நிறுவுவது பாதி வேலை. அது அனுப்பும் மெயிலை மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் மீதிப் பாதி. புதிதாக முயற்சி செய்பவர்களுக்கான விளக்கம் இதோ.

முதலில் பார்க்க வேண்டியது என்ன?

சாஃப்ட்வேர் அல்ல, இணைய இணைப்பு. ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஓர் எண் இருக்கும். கூகுளில் தேடினால் தெரியும் உங்கள் ஐபியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தாலோ, ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தாலோ, ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் வெளியிலிருந்து எந்த மெயிலும் உங்கள் வீட்டுக்கு நேரடியாக வந்து சேராது. இணைப்பு தரும் நிறுவனத்திடம் ஸ்டாட்டிக் ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது போர்ட் 25. உலகம் முழுக்க மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசுவது இந்த வழியில்தான். ஸ்பேமைத் தடுப்பதற்காக வீட்டு இணைப்புகளில் பல நிறுவனங்கள் இதை அடைத்து வைக்கின்றன. டெல்நெட் மூலம் வேறொரு மெயில் சர்வரின் போர்ட் 25-ஐத் தொட்டுப் பாருங்கள். 220 என்று தொடங்கும் பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது.

அமைக்கும் வரிசை

1. சொந்த டொமைன் ஒன்று வாங்குங்கள். அதன் டிஎன்எஸ் பக்கத்தில் சர்வர் பெயருக்கு ஏ ரெக்கார்டும், டொமைனுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டும் போடுங்கள். எம்எக்ஸில் சர்வரின் பெயர்தான் வர வேண்டும், ஐபி எண் அல்ல.

2. லினக்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டையும் நிறுவுங்கள். மெயிலை அனுப்புவதும் வாங்குவதும் போஸ்ட்ஃபிக்ஸ். வந்த மெயிலைப் போனில் படிக்கக் கொடுப்பது டவ்காட்.

3. ரவுட்டரில் 25, 465, 993 ஆகிய போர்ட்களைச் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள்.

4. லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழைப் போடுங்கள். குறுகிய காலத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் தானாகப் புதுப்பிக்கும்படி அமைத்துவிடுங்கள்.

5. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகிய மூன்று ரெக்கார்டுகளையும் சேருங்கள். இந்த டொமைன் பெயரில் அனுப்ப யாருக்கு உரிமை என்பது எஸ்பிஎஃப். வழியில் மெயில் மாற்றப்படவில்லை என்பதற்கான கையெழுத்து டிகிம். இரண்டும் தவறினால் என்ன செய்வது என்பது டிமார்க். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம்.

பிரச்னை வந்தால்?

மெயில் வெளியே போகவில்லை: மெயில் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் போர்ட் 25 அடைப்பு. பதில் எண் 4-ல் தொடங்கினால் தற்காலிகத் தடைதான், சர்வரே மறுபடி முயற்சி செய்யும். 5-ல் தொடங்கினால் நிராகரித்துவிட்டார்கள். காரணமும் அதே வரியில் இருக்கும்.

ஸ்பேமுக்குப் போகிறது: ஜிமெயிலில் அந்த மெயிலைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' கொடுங்கள். மூன்று ரெக்கார்டுகளுக்கும் 'பாஸ்' வந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அடுத்து பிடிஆர் ரெக்கார்டு. உங்கள் ஐபியைத் தேடினால் சர்வர் பெயர் வர வேண்டும். இதை இணைப்பு தரும் நிறுவனம்தான் மாற்ற முடியும். ஸ்பேம்ஹாஸ் அமைப்பின் பட்டியலில் உங்கள் ஐபி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் பட்டியலில் வீட்டு ஐபிகள் இருப்பது சகஜம்.

மெயில் உள்ளே வரவில்லை: எம்எக்ஸ் ரெக்கார்டையும் ரவுட்டர் செட்டிங்கையும் சரிபாருங்கள். வீட்டு வைஃபையில் இருந்தபடி சோதித்தால் தப்பான முடிவு வரலாம். மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

கரன்ட் போனால்? பயப்பட வேண்டாம். அனுப்பியவரின் சர்வர் பொதுவாகச் சில நாட்கள் வரை திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். போஸ்ட்ஃபிக்ஸில் இது 5 நாட்கள்.

பெரிய ஆபத்து எது?

'ஓபன் ரிலே'. மெயில் போகவில்லையே என்ற அவசரத்தில், போஸ்ட்ஃபிக்ஸின் 'மைநெட்வொர்க்ஸ்' வரியில் எல்லா ஐபிகளையும் அனுமதித்துவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. அப்புறம் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்பலாம். ஐபி தடைப்பட்டியலில் போய்விடும். அங்கே வீட்டு ஐபிக்கள் மட்டும் இருக்கட்டும்.

போர்ட் 25 திறக்கவே இல்லையா?

மெயிலை வீட்டில் வாங்கி, அனுப்புவதை மட்டும் ரிலே சேவை ஒன்றின் வழியாகச் செய்யலாம். போர்ட் 587 போதும். அந்தச் சேவையின் பெயரை எஸ்பிஎஃப் ரெக்கார்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: வங்கி, வேலை, ஆதார் தொடர்பான மெயில் முகவரியை உடனே இதற்கு மாற்ற வேண்டாம். சில மாதங்கள் சோதனை டொமைனில் ஓடட்டும். பேக்கப் எடுத்து, அதைத் திரும்ப ஏற்றியும் பார்த்த பிறகு மாற்றுவதே பாதுகாப்பு.