இடியாத சுவரும் எழுந்த கோபுரமும்: மும்பை ஆலைநில விதி 58 — ஒரு மறுவாசிப்பு

மும்பை ஆலைநிலங்கள் பற்றிய ஆய்வுகளில் ஒரு கதை நிலைபெற்றுவிட்டது. 1991இன் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளில் 58ஆம் விதி ஆலை நிலத்தை மூன்று கூறாக்கியது: ஒன்று மாநகராட்சியின் பூங்காக்களுக்கு, ஒன்று வீட்டுவசதி வாரியத்துக்கு, ஒன்று ஆலை முதலாளிக்கு. 2001 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு சந்தடியின்றிச் சில சொற்களை நீக்கியது. நகரத்துக்குரிய பங்கு பறிபோயிற்று. லோயர் பரேலிலும் வொர்லியிலும் சொகுசுக் கோபுரங்கள் எழுந்தன. இந்தக் கதையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. அதன் காலக்கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை. கோபுரத்துக்கான கடைக்கால் 1991 விதியின் முதல் உட்பிரிவிலேயே போடப்பட்டுவிட்டது என்பதும், 2001 திருத்தம் செய்தது அந்த உட்பிரிவைப் பழைய கட்டடச் சுவர்களிலிருந்து விடுவித்தது மட்டுமே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

விதியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அதன் அட்டவணையையே காட்டுகிறார்கள். அட்டவணை கவர்ச்சியானதுதான். 5 ஹெக்டேர் வரையுள்ள ஆலையில் 33 விழுக்காடு பூங்காவுக்கு, 27 விழுக்காடு பொது வீட்டுவசதிக்கு, 40 விழுக்காடு உரிமையாளருக்கு. 5 முதல் 10 ஹெக்டேர் வரை 33, 34, 33. அதற்கு மேற்பட்டால் 33, 37, 30. ஆலை பெரிதாகப் பெரிதாக முதலாளியின் பங்கு குறைகிறது. பூங்காவின் பங்கு மட்டும் எங்கும் மாறுவதில்லை. இத்தனை சீரான பகிர்வை நகரத் திட்ட ஆவணங்களில் காண்பது அரிது. ஆய்வாளர்கள் இதில் மனம் பறிகொடுத்ததில் வியப்பில்லை.

ஆனால் அட்டவணை விதியின் தொடக்கத்தில் இல்லை. அதற்கு முன்பு (அ) உட்பிரிவு வருகிறது. நலிவுற்ற அல்லது மூடப்பட்ட பஞ்சாலையில் ஏற்கெனவே இருக்கும் கட்டடப் பரப்பை அதே நெசவுத் தொழிலுக்கோ, வேறு தொழிலுக்கோ, வணிகத்துக்கோ பயன்படுத்த மாநகராட்சி ஆணையர் அனுமதிக்கலாம் என்கிறது அது. பகிர்வு பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடுத்து வரும் (ஆ) உட்பிரிவுதான் திறந்த நிலத்தையும், மறுவளர்ச்சித் திட்டத்தில் கட்டடங்களை இடித்த பின் கிடைக்கும் நிலத்தையும் அட்டவணைப்படி பிரிக்கச் சொல்கிறது. ஆக, மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்குக் கிடைக்க வேண்டுமானால் முதலில் முதலாளி தன் ஆலையை இடிக்க முன்வர வேண்டும். இடிக்காதவரை இருக்கும் கட்டடத்தில் கடை வைக்கலாம், அலுவலகம் வைக்கலாம், வாடகை வாங்கலாம். நிலத்தில் ஓர் அங்குலமும் தர வேண்டியதில்லை. இடித்தால் மூன்றில் இரண்டு போகும். இடிக்காவிட்டால் எதுவும் போகாது. இந்த நிலையில் இடிக்கிற முதலாளி யார்?

1991க்கும் 2001க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் நடந்தது இதற்குச் சான்று. அட்டவணைப்படி நிலம் ஒப்படைக்க முன்வந்த ஆலைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. (அ) உட்பிரிவின் வழியோ பரபரப்பாக இருந்தது. ஃபீனிக்ஸ் ஆலையின் கொட்டகைகளுக்குள் 1990களின் பிற்பகுதியில் பவுலிங் விளையாட்டுக்கூடமும் கடைகளும் வந்தன. கமலா ஆலையின் கூடங்களில் அலுவலகங்கள் குடியேறின. வெளியில் பழைய செங்கல் சுவர், மேலே ரம்பப்பல் கூரை, உள்ளே குளிரூட்டிய கடை. அக்காலக் கட்டுரைகள் இதை 'பாரம்பரியப் பாதுகாப்பு' என்றுகூட மெச்சின. சுவரைக் காத்தது கலையார்வமா, (ஆ) உட்பிரிவின் மேலிருந்த அச்சமா என்பதை முதலாளிகளின் மனத்துக்குள் புகுந்து சொல்ல இயலாது. ஆனால் சுவர் விழுந்தால் என்ன விலை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா தலைமையிலான குழு 1996இல் தந்த அறிக்கையையும் இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அது தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகளை மட்டுமே எடுத்துக்கொண்டது. துண்டு துண்டாகக் கிடைக்கும் நிலங்களை ஒன்றுசேர்த்துப் பெரிய பொதுவெளிகளாக்கலாம் என்பது அதன் மையக் கருத்து. அறிக்கை கைவிடப்பட்டதை 2001இன் முன்னோட்டமாகப் பார்ப்பது வழக்கம். எனக்கு அது வேறொன்றைக் காட்டுகிறது. உரிமையாளர் அரசே என்றிருந்த இடத்தில்தான் பகிர்வை முன்வைத்து ஒரு திட்டம் வரைய முடிந்திருக்கிறது. தனியார் ஆலைகளைப் பொறுத்தவரை பகிர்வு அட்டவணை ஓர் அழைப்பிதழாகவே இருந்தது. அழைப்பை ஏற்க யாருக்கும் கட்டாயமில்லை.

இனி 2001. (ஆ) உட்பிரிவிலிருந்து 'இடித்த பின் கிடைக்கும் நிலம்' நீங்கியது. அவ்விடத்தில் 'எஞ்சிய எஃப்.எஸ்.ஐ.' வந்தது; அதாவது மனைப் பரப்புக்கு இத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதத்தில் இன்னும் பயன்படாத பகுதி. இடித்த கட்டடத்தின் பரப்பளவுக்கு மீண்டும் கட்டிக்கொள்ளலாம், பல கட்டடங்களின் பரப்பைத் திரட்டி ஒன்றிலோ சிலவற்றிலோ கட்டலாம் என்பதற்கும் இடம் இருந்தது. வாதிகளும் ஆய்வாளர்களும் நீங்கிய சொற்களின் மேலேயே கண் வைத்தார்கள். நான் பார்ப்பது திரட்டிக் கட்டும் அனுமதியை. 1991இல் (அ) உட்பிரிவின் சலுகை சுவரோடு ஒட்டியிருந்தது. கட்டடம் நின்றால்தான் அதன் பரப்பு முதலாளிக்கு. 2001க்குப் பின் பரப்பு மட்டும் தனியே நின்றது. கட்டடம் மண்ணோடு போனாலும் அதன் சதுர மீட்டர்கள் கணக்கில் உயிரோடிருந்தன. எங்கே வேண்டுமானாலும் எடுத்துப்போய் அடுக்கலாம். முதல் பத்தாண்டு கொட்டகைக்குள் கடைவளாகத்தைத் தந்தது, அடுத்த காலம் கோபுரத்தைத் தந்தது. இரண்டுக்கும் தாய் ஒரே உட்பிரிவு.

நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியைத் தொட்டன, ஆனால் வேறு வாசல் வழியாக. மும்பைச் சுற்றுச்சூழல் செயற்குழு தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2005 அக்டோபர் 17 அன்று, 'திறந்த நிலம்' என்பதில் இடித்த பின் கிடைக்கும் நிலமும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2006 மார்ச் 7 அன்று அதை மாற்றியது. முதல் தீர்ப்பைப் போற்றுவதும் இரண்டாவதைச் சபிப்பதும் நம் துறையில் ஏறக்குறைய சடங்காகிவிட்டது. அந்தச் சடங்கில் என்னால் முழுமனத்துடன் கலந்துகொள்ள இயலவில்லை. விதியிலிருந்து அரசு தெரிந்தே நீக்கிய சொற்களை விளக்கத்தின் பெயரால் மறுபடி உள்ளே கொண்டுவந்தது உயர் நீதிமன்றம். நகரத்தின் மூச்சுக்கு இடம் வேண்டும் என்ற அதன் கவலை நியாயமானது, வாசிப்பு வலுவற்றது. உச்ச நீதிமன்றத்தின் வாசிப்பு எழுத்தளவில் சரி. ஆனால் ஆலைகளின் புனரமைப்பையும் தொழிலாளர் பாக்கியையும் வங்கிக் கடனையும் ஒரு தட்டிலும் திறந்தவெளியை மறு தட்டிலும் வைத்து அது எடைபோட்டதே, அங்கேதான் பிழை. விற்பனைப் பணம் தனிக் கணக்கில் சேர வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு அதைக் கண்காணிக்க வேண்டும் என்றெல்லாம் விதி சொல்லியிருந்தது மெய். அந்தப் பணத்துக்கும் நிலப் பகிர்வைக் குறைப்பதற்கும் உள்ள தொடர்பு வாதத்தில் கூறப்பட்டதே தவிர, விதியின் எழுத்தில் எங்கும் நிறுவப்படவில்லை.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். இது கற்பனை ஆலை. ஆனால் அளவுகள் மும்பையின் ஆலை வட்டாரமான கிரண்காவின் ஆலைகளுக்கு அந்நியமானவையல்ல. 10 ஹெக்டேர் மனை. அதில் 7 ஹெக்டேரைக் கொட்டகைகளும் நூற்புக் கூடங்களும் அடைத்திருக்கின்றன, சராசரியாக இரண்டு தளம். மொத்தக் கட்டடப் பரப்பு 1,40,000 சதுர மீட்டர். தீவு நகரத்தின் அடிப்படை எஃப்.எஸ்.ஐ. 1.33, இந்த ஆலை அதை ஏற்கெனவே கடந்துவிட்டதால் எஞ்சியது எதுவுமில்லை. 1991இன் (ஆ) உட்பிரிவு முழுமையாகச் செயல்பட்டிருந்தால் பூங்காவுக்கு 3.3 ஹெக்டேர். 2001 விதிப்படி பகிர்வுக்கு வருவது கட்டடம் இல்லாத 3 ஹெக்டேர் மட்டும். அதில் 33 விழுக்காடு என்றால் 0.99 ஹெக்டேர்.

வழக்கமான ஆய்வு இங்கே நின்றுவிடும். இழப்பு 2.3 ஹெக்டேர், கதை முடிந்தது. ஆனால் அந்த 1,40,000 சதுர மீட்டரைத் தளத்துக்கு 1,000 சதுர மீட்டர் என்று திரட்டினால் 140 தளங்கள் வருகின்றன. 47 மாடிக் கோபுரங்கள் மூன்றில் இது அடங்கிவிடும். மூன்றும் சேர்ந்து மண்ணில் மிதிப்பது 0.3 ஹெக்டேர். கொட்டகைகள் அடைத்திருந்த 7 ஹெக்டேரில் 6.7 ஹெக்டேர் காலியாகிறது. சட்டத்தின் கண்ணுக்கு அது கட்டடப் பரப்பு. நேரில் போய்ப் பார்த்தால் வெட்டவெளி. அதற்கு அடியில் கார் நிறுத்துமிடமும், மேலே நீச்சல்குளமும் புல்வெளியும், சுற்றிலும் மதிலும் வாயிற்காவலரும் வருகிறார்கள். கார் நிறுத்தத் தளங்கள், தீத்தடுப்பு இடைத்தளங்கள், ஓர இடைவெளி ஆகியவற்றை இக்கணக்கில் சேர்க்கவில்லை; சேர்த்தால் எண்கள் நகரும், திசை மாறாது.

மும்பையில் நிலம் இல்லை, அதனால் உயரே போகிறார்கள் என்ற விளக்கம் இதனால் ஆட்டம் காண்கிறது. ஆலைநிலத்தில் உயரம் எஃப்.எஸ்.ஐ.யின் மொத்தத்தைக் கூட்டுவதில்லை. இருக்கும் பரப்பை ஒடுக்கமாக அடுக்கித் தரையைக் காலியாக்குகிறது. அப்படிக் காலியான தரைதான் விளம்பரத் துண்டறிக்கையில் 'ஏக்கர்கணக்கில் பசுமை' என்று விலைக்கு வருகிறது. 1991இன் அட்டவணை பூங்கா என்று குறித்த இடத்தைச் சொகுசு வளாகம் வேறு பெயரில் தனக்குள் வைத்திருக்கிறது என்பது என் முடிவு. எல்லா வளாகத்துக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது; பிற்காலத்தில் பொது வாகன நிறுத்துமிடம் கட்டித் தந்தால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. என்பன போன்ற சலுகைகளும் உயரத்தை ஏற்றின. ஆனால் அடிப்படை வடிவத்தை அவை தரவில்லை.

ஸ்ரீநிவாஸ் ஆலை நின்ற லோயர் பரேல் மனை இதைக் கிட்டத்தில் காட்டுகிறது. அங்கே 442 மீட்டருக்குத் திட்டமிட்டு, விமானப் போக்குவரத்து அனுமதிச் சிக்கலால் 280 மீட்டரில் முடிந்தது 'வேர்ல்ட் ஒன்' குடியிருப்புக் கோபுரம். உள் அலங்காரத்துக்கு இத்தாலியின் அர்மானி நிறுவனத்தின் பெயர். 2020 மார்ச்சில் வீட்டுவசதி வாரியம் ஆலைத் தொழிலாளர்களுக்காக நடத்திய குலுக்கலில் 3,894 வீடுகள் இருந்தன. அவற்றில் ஸ்ரீநிவாஸ் ஆலையின் கணக்கில் வந்தவை 544. ஒரு வீடு 225 சதுர அடி, விலை ஒன்பதரை லட்சம் ரூபாய். வீடு கேட்டு மனுச் செய்திருந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

எதிர்வாதங்கள் உண்டு. நில விலையே எல்லாவற்றையும் தீர்மானித்தது, விதி எப்படி இருந்தாலும் இதே கோபுரங்கள்தான் வந்திருக்கும் என்பர் சந்தை வாதிகள். விதி ஒரு பொருட்டே இல்லையென்றால் அதன் ஓர் உட்பிரிவுக்காக உச்ச நீதிமன்றம் வரை ஏன் போனார்கள்? அதற்கு மேல் பதில் தேவையில்லை. தேசியப் பஞ்சாலைக் கழகம் 2005இல் விற்ற ஐந்து ஆலைகளின் பணம், ஏறத்தாழ 2,020 கோடி ரூபாய், தொழிலாளர் நலனுக்கும் புனரமைப்புக்கும் பயன்பட்டதே என்பது இன்னொன்று. அது பொதுத்துறை, தனியார் ஆலைகளுக்கு அதைச் சான்றாக்க முடியாது. அதோடு, அந்த ஐந்தில் 702 கோடிக்குப் போன மும்பை டெக்ஸ்டைல் ஆலையின் நிலம் ஏழாண்டில் 2,727 கோடிக்குக் கைமாறியது. பொதுச் சொத்தின் விலையேற்றத்தில் பெரும்பகுதி யார் கைக்குப் போனது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

கனமான எதிர்வாதம் ஒன்றே. 1991 விதிக்குள்ளேயே ஓட்டை இருந்தது என்று சொல்வது 2001இல் திருத்தம் செய்தவர்களை விடுவிப்பதாகாதா? 'பத்தாண்டாக யாரும் நிலம் தரவில்லை, ஆகவே மாற்றினோம்' என்பதுதானே அரசின் வாதம்? ஆம், அரசு அதைச் சொன்னது. தகவல் அளவில் அது சரி. ஆனால் அந்தத் தகவலிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. (அ) உட்பிரிவுக்கும் பகிர்வு நிபந்தனையைப் பூட்டியிருக்கலாம். வணிகத்துக்கு மாறும் கட்டடப் பரப்புக்கு ஈடாக நிலமோ பணமோ கேட்டிருக்கலாம். அதைச் செய்யாமல் (ஆ) உட்பிரிவைத் தளர்த்தினார்கள். ஓட்டையை அடைக்காமல் வாசலாக்கியது 2001இன் குற்றம். அதைச் சுட்டுவதற்கு 1991ஐப் பொற்காலமாக்க வேண்டிய அவசியமில்லை. பொற்காலம் என்று நினைத்ததால்தான் பழைய விதியை மீட்டால் போதும் என்ற கோரிக்கையிலேயே இயக்கங்களின் ஆற்றல் செலவானது. பழைய விதி மீண்டிருந்தால் முதலாளிகள் மறுபடி சுவரைக் காத்திருப்பார்கள்.

2006 தீர்ப்புக்குப் பின் கதை சட்டத்திலிருந்து கணக்கேடுகளுக்குப் போய்விட்டது. 2023 செப்டம்பரில் பாம்பே டையிங் தன் வொர்லி ஆலை மனையில் 22 ஏக்கரை ஜப்பானின் சுமிட்டோமோ குழும நிறுவனத்துக்கு 5,200 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்புக்கொண்டது.

ஆய்வாளர்கள் இனித் தேட வேண்டியது தீர்ப்புகளை அல்ல. அவை அச்சில் இருக்கின்றன. 1991க்கும் 2001க்கும் இடையில் (அ) உட்பிரிவின் கீழ் ஆணையர் வழங்கிய ஒவ்வோர் அனுமதியும், அதனோடு இணைத்த மனை வரைபடமும் மாநகராட்சிக் கோப்புகளில் இருக்க வேண்டும். அவற்றை ஆலை வாரியாகத் தொகுத்து வெளியிட்டால் மேலே நான் போட்ட கற்பனைக் கணக்குக்குப் பதில் உண்மைக் கணக்கு கிடைக்கும். அந்தப் பணியை மும்பையின் பல்கலைக்கழகங்கள் ஏற்க வேண்டும்.