ஜுரம் விட்ட நாள்தான் கவனம்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்க்கும் என் மாணவச் செல்வங்களே, கொஞ்சம் டெங்கு வரலாறு.

1780-லேயே சென்னையில் டெங்கு போன்ற காய்ச்சல் பரவியதாகக் குறிப்பு உண்டு. அன்று உடல்வலிதான் அடையாளம். 1963-ல் கல்கத்தாவில் ரத்தக்கசிவோடு பரவியது. மருத்துவர் கவனம் அதன்மேல் போனது. ஆனால் வெளியே ரத்தம் தெரியாமலே, ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்தும் உயிர் போகலாம். அதனால் 2009-ல் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை அறிகுறிகளை முன்னே வைத்தது: கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு.

இவை பெரும்பாலும் ஜுரம் இறங்கும்போதுதான் வரும். முதல் 5 நாளில் என்.எஸ்.1 பரிசோதனை, பிறகு ஐ.ஜி.எம். தட்டணுவோடு ஹீமடோக்ரிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஜுரம் விட்டதென்று உடனே டூட்டிக்குக் கிளம்பாதீர்கள். ரூமில் தனியாகப் படுத்திருக்கும் நண்பனையும் எட்டிப் பாருங்கள்.