வாடிய இலையும் வேரில் இருந்த கதையும்



ஏப்ரல் 15 கழிந்தால்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொந்த வீட்டு வாசல் கண்ணில் படும். சென்ற வருடம் வரிக்கணக்குகள் எல்லாம் அனுப்பி முடித்து, மே மாதம் ஒரு காலை முன்கதவைத் திறந்தேன். வாசற்படியோரம் சாடிகளில் வைத்திருந்த ஆறு ஹியூக்கராக் கன்றுகளில் இரண்டு, முதல் நாள் வரை நன்றாக இருந்தவை, துவண்டு கிடந்தன.

அவற்றுக்கு நாள்தோறும் தண்ணீர் விடுபவர் என் அம்மா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நான் யோசிக்கவே இல்லை. "தண்ணியை ஊத்தி ஊத்தி அழுக வைச்சிட்டியள் அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

"நான் அளவாத்தான் விடுறனான் தம்பி. புடுங்கி வேரைப் பார்" என்றார் அம்மா.

நான் பார்க்கவில்லை. அடுத்த ஒரு கிழமை அவர் வாசல் பக்கம் வரவும் இல்லை. அந்த ஒரு கிழமையில் இன்னும் ஒரு கன்று விழுந்தது. இன்றைய உரை அந்தக் கன்றுகளைப் பற்றியது. ஆனால் அதன் காரணத்தைத் தேடிப் போனபோது, நாம் குடியிருக்கும் இந்த நியூ ஜேர்சி மண்ணின் நூறு வருடக் கதை ஒன்றும் கிடைத்தது.

முதலில் ஹியூக்கரா என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பூவுக்காக அல்ல, இலையின் நிறத்துக்காக வளர்க்கப்படும் சிறு செடி இது. ஊதா, செம்பு, எலுமிச்சைப் பச்சை எனப் பல நிறங்களில் கடைகளில் பார்த்திருப்பீர்கள். இது வெளிநாட்டுச் செடி அல்ல, வட அமெரிக்காவின் சொந்தச் செடி. இதன் ஓர் இனம் இந்தக் கிழக்குக் கரைக் காடுகளிலேயே இயற்கையாக வளர்கிறது. இம்மண்ணின் பூர்வீக மக்கள் இதன் வேரைப் புண்ணுக்கும் இரத்தக் கசிவுக்கும் வயிற்றோட்டத்துக்கும் மருந்தாகப் பயன்படுத்தினார்கள். வேரின் துவர்ப்புக்காக ஆங்கிலத்தில் இதைப் 'படிகார வேர்' என்ற பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நம் ஊரில் சீனக்காரம் என்போமே, அதே படிகாரம்தான். ஆனால் 1753இல் தாவரங்களுக்குப் பெயர்கள் வகுத்த லின்னேயஸ், ஜேர்மனியின் விற்றன்பேர்க்கில் மருத்துவப் பேராசிரியராக இருந்த ஹொய்கர் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டினார். வேரைத் தோண்டி மருந்தாக்கிய மக்களின் பெயர் செடியில் ஏறவில்லை.

இலண்டன் கியூ தோட்டத்தில் பிரபலமான 'பலஸ் பேர்ப்பிள்' என்ற ஊதா இலை வகை, 1991இல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுச் செடியாகத் தெரிவானது. அதன் பிறகு ஒரிகன் மாநிலத்துக் கன்றுப் பண்ணைகள் புதுப்புது நிறங்களை உருவாக்க, ஹியூக்கரா வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

இனி என் வாசலுக்கு வருவோம். மூன்றாவது கன்று விழுந்த அன்று, அதை எடுத்து எறிவதற்காக இலைகளைச் சேர்த்துப் பிடித்தேன். இழுக்கவே தேவைப்படவில்லை. முழுச் செடியும் மூடியைத் திறந்ததுபோல் கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை. சாடி மண்ணைக் கடதாசியில் கொட்டினேன். வெள்ளைப் புழுக்கள், கால் இல்லாதவை, தலை மட்டும் மண்ணிறம், வளைந்து கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினேழு. கணக்காளன் அல்லவா!

அவை திராட்சைக் கூன்வண்டு எனப்படும் ஒரு கறுப்பு வண்டின் புழுக்கள். ஐரோப்பாவைத் தாயகமாகக் கொண்ட வண்டு அது. பறக்காது. இரவில் வந்து இலை ஓரத்தை அரைவட்டமாகக் கடித்துவிட்டுப் போகும். எல்லாமே பெண் வண்டுகள், ஆண் இல்லாமலே நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு இலையுதிர்காலம் முதல் வசந்தம் வரை மண்ணுக்குள் வேரைத் தின்னும். வெயில் ஏறும் மே மாதத்தில், தண்ணீர் உறிஞ்ச வேர் இல்லாமல் செடி ஒரே நாளில் துவளும். கண்ணுக்குத் தெரிவது தண்ணீர்க் குறை. காரணமோ ஏழெட்டு மாதத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. பறக்காத வண்டு என் வாசலுக்கு எப்படி வந்தது? முதல் ஆண்டு இலையுதிர்காலத்தில் நான் வாங்கி வந்த சாடிகளின் மண்ணோடு வந்திருக்க வேண்டும். அம்மாவின் தண்ணீரில் ஒரு பிழையும் இல்லை.

மண்ணோடு வந்த பூச்சி என்றால், இம்மாநிலத்துக்கு அது புதிய கதை அல்ல. டெலவெயர் ஆற்றங்கரையில் உள்ள ரிவர்ட்டன் என்ற சிற்றூருக்கு அருகே, 1916 ஆகஸ்டில், ஒரு கன்றுப் பண்ணையைச் சோதிக்கப் போன ஹரி வைஸ், எட்கர் டிக்கர்சன் என்ற இரு மாநிலப் பூச்சி ஆய்வாளர்கள் பச்சையும் செம்பு நிறமுமாய் மின்னும் சில வண்டுகளைக் கண்டார்கள். ஒரு டசின் அளவுதான். அதுதான் யப்பான் வண்டு, அமெரிக்காவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட இடம் அது. யப்பானிலிருந்து வந்த ஐரிஸ் பூக்கிழங்குகளில் ஒட்டிய மண்ணுக்குள் புழுவாக வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. வெளிநாட்டுக் கன்றுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1912இல்தான் பிறந்தது. வண்டு அதற்கு முன்பே வந்து இறங்கிவிட்டது. 1919இல் மண் ஒட்டிய செடிகளுக்கு மேலும் கடுமையான தடை வந்தது. நாம் இந்நாட்டில் வந்து இறங்கியபோது சுங்கப் படிவத்தில் 'மண் கொண்டுவருகிறீர்களா' என்று கேட்டார்களே, அந்தக் கேள்விக்குப் பின்னால் இப்படியான அனுபவங்கள் இருக்கின்றன.

யப்பானில் இந்த வண்டு பெரிய தொல்லை அல்ல. அதை அடக்கும் இயற்கை எதிரிகள் அங்கே உண்டு. இங்கே எதிரி இல்லை, புல்தரையோ ஏராளம். அதன் புழு புல்லின் வேரைத் தின்றால், காய்ந்த புல்தரையைப் பாய் போலச் சுருட்டி எடுக்கலாம். என் ஹியூக்கரா கையோடு வந்ததும் அதே காரணத்தால்தான்.

ஆனால் மருந்தும் இதே மண்ணிலிருந்துதான் வந்தது. 1929இல் ஹடன்பீல்ட் நகருக்கு அருகே ஒரு கோல்ஃப் திடலில், செத்துக் கிடந்த யப்பான் வண்டுப் புழுக்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் இருந்தன. பிரின்ஸ்டனில் பணியாற்றிய ருடொல்ஃப் கிளேசர் அவற்றை ஆராய்ந்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, வயல்களில் விட்டுப் பார்த்தார். பின்னர் டி.டி.ரி. போன்ற இரசாயனங்கள் வந்ததும் அந்த வழி மறக்கப்பட்டது. அவற்றின் கேடு தெரிந்த பிறகு உலகம் மீண்டும் நூற்புழுவிடம் திரும்பியது. இன்று கூன்வண்டுப் புழுவுக்கு எதிராகப் பொதியில் வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றும் நூற்புழுக்கள் அந்தக் குடும்பத்தின் உறவுகளே.

இலையைப் பார்த்துக் காரணத்தைப் பிழையாகச் சொல்வதில் நான் முதல் ஆள் அல்ல. 1869இல் இலங்கை மலையகத்தில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துரு படிந்தபோது, தோட்டத் துரைமார் மழையையும் உரத்தையும் மண்ணின் களைப்பையும் குறை சொன்னார்கள். பேராதனைப் பூங்காவின் இயக்குநர் துவெயிற்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, இங்கிலாந்தில் பேர்க்லி அதை ஒரு பூஞ்சணம் என்று அந்த ஆண்டே பெயரிட்டிருந்தார். ஆயினும் 1880இல் வந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்த மார்ஷல் வோர்ட், காற்றில் பரவும் வித்திகளே காரணம் என்று நிறுவியபோது காலம் கடந்திருந்தது. 1870இல் 10 கோடி இறாத்தலுக்கு மேல் ஏற்றுமதியான கோப்பி, இருபது ஆண்டுக்குள் அற்பமாகியது. கோப்பிக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கி 1884இல் வீழ்ந்தது. வங்கியின் நட்டம் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டது. வேலையிழந்த தமிழ்த் தொழிலாளரின் நட்டத்தை எழுத எந்தப் பத்தியும் இருக்கவில்லை.

ஆகவே நேயர்களே, செடி திடீரென்று வாடினால் தண்ணீர்க் குழாயை எடுக்குமுன் விரலை மண்ணுக்குள் விடுங்கள். மண் காய்ந்திருந்தால் தண்ணீர் போதும். மண் ஈரமாயிருந்து செடியின் கழுத்து கறுத்துக் குழைந்து மணத்தால், அழுகல். செடி ஆடினால் அல்லது கையோடு வந்தால், புழு. பனியில் மண் விரிந்து வேரை மேலே தள்ளியிருந்தாலும் ஹியூக்கரா வாடும், அப்போது சற்று ஆழமாக நட்டுவிடுங்கள். கத்தரியும் தக்காளியும் ஈரமண்ணிலேயே வாடினால், தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால்போல ஒரு நூல் இறங்கினால் அது பக்டீரியா வாடல். அந்த இடத்தில் சில ஆண்டுகள் கத்தரிக் குடும்பத்தை நடாதீர்கள். நூற்புழு விடுவதென்றால், மண் சூடு ஆறாத ஆகஸ்ட் கடைசியும் செப்டெம்பரும் நல்ல காலம்.

அன்று பின்னேரம் புழுக்களைக் கடதாசியோடு அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டி, பிழை என்னுடையது என்று சொன்னேன். "உதைத்தானே நான் அண்டைக்குச் சொன்னனான்" என்றார். பிறகு வேரில்லாத அந்த மூன்றையும் எறிய வேண்டாம் என்று வாங்கி, கீழ் இலைகளைக் கிள்ளி, தண்டைப் புது மண்ணில் ஊன்றி, நிழலில் வைத்தார். ஐந்தாறு கிழமையில் இரண்டு வேர் பிடித்துவிட்டன. மற்றது பிழைக்கவில்லை. இப்போது தண்ணீர் எவ்வளவு விடுவது என்பது அம்மாவின் பொறுப்பு. நான் கேள்வி கேட்பதில்லை.