தானாக நிற்காத குளங்கள்: ஒட்டுசுட்டான் நீர்ப்பாசனம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வன்னியிலுள்ள ஒட்டுசுட்டானில் தானாகத் தோன்றியவர், அங்கு கோயில்கொண்ட சிவனான தான்தோன்றீஸ்வரர் ஒருவரே. அவரைச் சூழவுள்ள குளங்கள் எதுவும் தானாகத் தோன்றவுமில்லை, தானாக நின்றதுமில்லை. ஆயினும் வன்னிக் குளக்கிராமத்தை, வெளியார் கை படாமல் தன்னைத் தானே பேணிய அமைப்பாகச் சித்திரிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அச்சித்திரத்தை ஓரளவு திருத்த முனைகிறது இக்கட்டுரை.

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை கொட்டித் தீர்த்தபின் மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும் நிலம் இது. காலபோகத்துக்கு மழையும் கைகொடுக்கும். சிறுபோகம் குளத்தை நம்பியே. மண்கட்டை மழை கரைக்கும், அலை அரிக்கும், கறையான் துளைக்கும். வண்டல் குளத்தின் அடியை உயர்த்தும். ஆகவே ஆண்டுதோறும் கட்டுக்கு மண் போடவேண்டும், வாய்க்கால் வெட்டவேண்டும், துருசைப் பார்க்கவேண்டும். வயற்பங்குக்கு ஏற்பக் கட்டின் ஒரு பகுதியைச் செப்பனிடுவது கமக்காரரின் கடமை. நீர் குறைந்த ஆண்டில் குளத்துக்கு அண்மையான வயலை மட்டும் பங்கிட்டு விதைத்தார்கள். நட்டமும் உழைப்பும் ஒரே கணக்கில் இருந்தன. குளம் நின்றது இந்தக் கணக்கினால்தான்.

1803 இல் அயலிலுள்ள கற்சிலைமடுவில் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிரித்தானியரால் தோற்கடிக்கப்பட்டான்; குளங்களின் மீதான அதிகாரமும் அவர்கள் கைக்குப் போயிற்று. 1832 இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் விதந்துரைகளின் வழியே இராசகாரியம் ஒழிந்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நியாயமே. ஆனால் கட்டுக்கு மண் போடவைத்த அதிகாரமும் அதோடு போயிற்று. அதன் இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை. பழைய நீர்ப்பாசன வழக்காறுகளுக்குச் சட்டவலு கொடுக்க 1856 இல் ஒரு கட்டளைச்சட்டம் தேவைப்பட்டதே இதற்குச் சான்று. சிதைவை முழுவதும் 1832 இன் தலையில் சுமத்துவதும் பிழை: பல குளங்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே காடேறியிருந்தன, போரும் காய்ச்சலும் ஊர்களை வெறுமையாக்கியிருந்தன. ஆளில்லாத ஊரில் குளம் மட்டும் எப்படி மிஞ்சும்?

சுதந்திரத்துக்குப் பின், அயலிலுள்ள முத்தையன்கட்டுக்குளம் பெருந்திட்டமாகப் புத்துயிர் பெற்று, இடதுகரையிலும் வலதுகரையிலும் குடியேற்றங்கள் எழுந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போயின. அக்காலத்தைத் தன்னிறைவின் பொற்காலம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விலையைத் தாங்கியது கொழும்பின் கொள்கை. நீரிறைக்கும் இயந்திரமும் மண்ணெண்ணெயும் யூரியாவும் கடல் கடந்து வந்தவை. 1977 க்குப் பின் இறக்குமதி திறந்ததும் அந்தச் செழிப்பு ஆட்டங்கண்டது.

உண்மையான சோதனை 1990 க்குப் பின் வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையால் எரிபொருளும் யூரியாவும் வன்னிக்குள் வர முடியாமற்போக, இயந்திரத்தால் இறைத்த தோட்டம் முதலில் திணறியது. துருசு திறந்தால் தானாகப் பாயும் வயல் குறைந்த விளைச்சலோடேனும் நின்றுபிடித்தது. 2009 இல் போரினால் ஊரில் மக்களே இல்லாமற்போனபோது வயலும் தரிசாயிற்று. 2021 இல் இரசாயன உர இறக்குமதித் தடை வந்தபோது, மீண்ட வயல்களும் வெளியுரத்தில் எவ்வளவு தங்கியிருந்தன என்பது ஒரே போகத்தில் வெளிப்பட்டது.

2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் அளிக்கிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை நீர்மட்டம் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டம் இன்றும் முடிவுசெய்கிறது. ஆனால் பெரிய கட்டு உடைந்தால், அதைத் திருத்தும் பணத்துக்கு ஊர் அரச திணைக்களத்தையே பார்த்திருக்கிறது.