இர்வாண்டி யூசுப்: சிறையிலிருந்து ஆளுநர் மாளிகைக்கு, மீண்டும் சிறைக்கு

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிறு காலை ஆச்சேக் கரையை அழித்த அதே சுனாமி, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலங்களின் பின்னர் எமது கிழக்குக் கரையை வந்தடைந்தது. அன்றிலிருந்து ஆச்சே என்பது எனக்கு அந்நிய ஊரின் பெயராகத் தோன்றியதில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் எம்மவர்களுக்காகக் கையேந்தும்போது அந்த மக்களும் நினைவுக்கு வருவார்கள். அந்த நினைவோடுதான் அம்மாகாணத்தின் அரசியலையும் தொடர்ந்து வாசித்து வருகின்றேன். அங்கே என்னை அதிகம் சிந்திக்க வைத்தவர் முன்னாள் ஆளுநர் இர்வாண்டி யூசுப். எமக்கும் பாடமாகக்கூடிய அவரது அரசியல் வாழ்வைச் சுருக்கமாக இங்கு தருகின்றேன்.

இர்வாண்டி 1960இல் ஆச்சேயின் பிருவன் பகுதியில் பிறந்தவர். மிருக வைத்தியம் படித்து, பண்டா ஆச்சேயிலுள்ள சியா குவாலா பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். ஆனால் அவரது இன்னொரு முகம் வேறாக இருந்தது. 1976இல் ஹசன் டி திரோ ஆரம்பித்த சுதந்திர ஆச்சே இயக்கத்தில் அவர் பிரசாரப் பொறுப்பு வகித்தார். 2003இல் ஆச்சேயில் இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்ட வேளையில் கைது செய்யப்பட்டு, பண்டா ஆச்சேயின் கெவுடா சிறையில் அடைக்கப்பட்டார்.

சுனாமி வந்தபோது அவர் அந்தச் சிறையில்தான் இருந்தார். கைதிகளில் பெரும்பாலானோர் நீரில் மாண்டனர். இர்வாண்டி மேல்தளத்துக்கு ஏறி, கூரையை உடைத்துக்கொண்டு வெளியேறி உயிர் தப்பினார். பின்னர் நாட்டை விட்டும் வெளியேறினார்.

ஆச்சேயில் மட்டும் ஏறக்குறைய 170,000 பேர் இறந்தோ காணாமலோ போயினர். அந்தப் பேரழிவின் நடுவே இந்தோனேசிய அரசும் இயக்கமும் மீண்டும் பேச அமர்ந்தன. முன்னாள் பின்லாந்து ஜனாதிபதி மார்ட்டி அஹ்திசாரியின் மத்தியஸ்தத்துடன் 2005 ஆகஸ்ட் 15இல் ஹெல்சிங்கியில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இயக்கம் தனிநாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டு 840 ஆயுதங்களை ஒப்படைத்தது. அரசு படைகளைக் குறைத்து, விரிவான சுயாட்சிக்கு இணங்கியது. ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் சேர்ந்து அமைத்த கண்காணிப்புக் குழுவில் இயக்கத்தின் பிரதிநிதியாக அமர்ந்தவர் இர்வாண்டி.

இந்த இடத்தில் எமது நாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2005 ஜூனில் இங்கும் அரசும் விடுதலைப் புலிகளும் சுனாமி நிவாரணப் பொதுக்கட்டமைப்பு ஒன்றில் கையொப்பமிட்டன. கிழக்கில் பேரிழப்பைச் சந்தித்த முஸ்லிம்கள் அதில் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் மீண்டும் மூண்ட யுத்தம் 2009 வரை நீடித்தது. ஒரே அலை அடித்த இரண்டு கரைகளும் இரண்டு வழிகளில் சென்றன.

இந்தோனேசியாவில் மாகாண ஆளுநர் எமது நாட்டைப் போல ஜனாதிபதியால் நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படுபவர். 2006 டிசம்பரில் நடந்த தேர்தலில் இர்வாண்டி சுயேச்சையாகப் போட்டியிட்டார். இயக்கத்தின் வெளிநாட்டுத் தலைமை வேறு அணியை ஆதரித்தபோதும், களத்தில் நின்ற போராளிகள் இவர் பக்கம் நின்றனர். சுமார் 38 வீத வாக்குகளுடன் வென்று, 2007 பெப்ரவரியில் பதவியேற்றார்.

முதல் பதவிக்காலத்தில் அவர் செய்தவை சாதாரணமானவை அல்ல. 2007 ஜூனில் மாகாணம் முழுவதும் மரம் வெட்டுவதை இடைநிறுத்தினார். 2010இல் ஆச்சே சுகாதாரக் காப்புறுதித் திட்டத்தைக் கொண்டு வந்தார். அடையாள அட்டையும் குடும்ப அட்டையும் இருந்தால் ஏழையும் கட்டணமின்றி வைத்தியசாலைக்குச் செல்லலாம் என்ற நிலை உருவானது. இந்தோனேசியாவின் தேசிய சுகாதாரக் காப்புறுதி 2014இல்தான் தொடங்கியது என்பதை வைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி புரியும். 2009இல் மாகாண சபை நிறைவேற்றிய, கல்லெறி தண்டனையை உள்ளடக்கிய குற்றவியல் சட்டத்தில் கையொப்பமிட மறுத்தமை அவருக்கு ஆதரவையும் எதிர்ப்பையும் ஒருங்கே தேடித்தந்தது. 2014இல் அச்சட்டம் அந்தத் தண்டனை இல்லாமலேயே நிறைவேறியது.

ஆனால் காடுகளைக் காக்க வந்தவர் என்று உலகம் பாராட்டிய அதே ஆளுநர், 2011 ஆகஸ்ட்டில் திரிப்பா சதுப்பு நிலக் காட்டில் 1,605 ஹெக்டெயரை முள்தேங்காய்ச் செய்கைக்காக ஒரு நிறுவனத்துக்கு அனுமதித்தார். ஒராங்குட்டான் குரங்குகள் வாழும் நிலம் அது. சுற்றாடல் அமைப்பு வழக்குத் தொடர்ந்தது. 2012இல் நீதிமன்றம் அந்த அனுமதியை இரத்துச் செய்யப் பணித்தது. அவரது வாழ்வில் நான் காணும் முதல் விரிசல் இதுதான்.

2012 தேர்தலில் தனது பழைய தோழர்களின் ஆச்சே கட்சியிடம் தோற்றார். சோர்ந்துவிடாமல் புதிய கட்சி ஒன்றை அமைத்து, 2017 பெப்ரவரித் தேர்தலில் சுமார் 37 வீத வாக்குகளுடன் மீண்டும் வென்றார். ஆனால் 2017 ஜூலை 5இல் பதவியேற்றவரை, ஓராண்டு நிறைவடைய இரண்டு நாட்கள் இருக்கையில், 2018 ஜூலை 3இல் ஊழல் ஒழிப்பு ஆணைக்குழு கைது செய்தது.

வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு விடயத்தை அறிந்திருக்க வேண்டும். சமாதானத்தின் பலனாக ஆச்சேக்கு விசேட சுயாட்சி நிதி கிடைக்கிறது. 2008 முதல் 15 ஆண்டுகளுக்குத் தேசிய பொது ஒதுக்கீட்டு நிதியின் 2 வீதத்துக்குச் சமமான தொகை, அடுத்த 5 ஆண்டுகளுக்கு 1 வீதம் என்பது ஏற்பாடு. இந்த நிதியிலான வேலைத்திட்டங்களுக்காக ஒரு மாவட்டத் தலைவரிடமிருந்து 1.05 பில்லியன் ரூபியா இலஞ்சம் பெற்றார் என்பது முதல் குற்றச்சாட்டு. பதவியில் இருந்தபோது 8.7 பில்லியன் ரூபியாவை அன்பளிப்பாகப் பெற்றார் என்பது மற்றொன்று. இந்தோனேசியச் சட்டத்தின்படி, பதவியிலிருப்பவர் பெறும் அன்பளிப்பை 30 வேலை நாட்களுக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். அவர் குற்றத்தை மறுத்தார். 2019 ஏப்ரலில் நீதிமன்றம் 7 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீட்டில் அது 8 ஆக உயர்ந்து, பின்னர் உயர் நீதிமன்றத்தில் மீண்டும் 7 ஆனது. 2022 ஒக்டோபரில் நிபந்தனையுடன் விடுதலையானார்.

இவரை எப்படி மதிப்பிடுவது? நல்லது செய்தவர்தானே, சிறை கண்டவர்தானே, சிறிய தொகைதானே என்று சிலர் சொல்வார்கள். எம்மிடையேயும் இந்தக் குரல் புதிதல்ல. சமூகத்துக்காகக் குரல் கொடுத்தவர் என்றால் கணக்குக் கேட்பதையே துரோகமாகப் பார்க்கும் பழக்கம் எமக்கும் உண்டு. ஆனால் அந்த நிதி யாருடையது? முப்பது ஆண்டு காலப் போரில் உயிரிழந்த ஆயிரக்கணக்கானோரின் பெயரால் வந்த பணம் அது. இத்தனை நிதி வந்தும் ஆச்சே இன்னும் சுமாத்ராவின் மிக வறிய மாகாணங்களில் ஒன்றாகவே இருக்கிறது. அந்த மக்களின் பணத்தில் சிறிய தொகை என்று ஒன்றில்லை.

அவர் தந்த சுகாதாரத் திட்டத்துக்கு ஆச்சே மக்கள் நன்றி சொல்வது நியாயம். அவரது கணக்கை நீதிமன்றம் விசாரித்ததும் நியாயம். ஒன்று மற்றொன்றை அழிக்காது. தியாகம் ஒருவரைப் பதவிக்குக் கொண்டுவரலாம். ஆனால் பதவி ஓர் அமானிதம். தியாகத்துக்கான கூலி அல்ல. அதிகாரப் பகிர்வு வேண்டுமென்று கேட்கும் நாம், பகிரப்பட்ட அதிகாரத்துக்கும் நிதிக்கும் எம்மவரிடமே கணக்குக் கேட்கவும் தயாராக இருக்க வேண்டும்.