குழல் இருக்கப் பீப்பாய் எதற்கு?
ரைஃபிளின் ‘பேரல்’ தேய்ந்துபோனால் மாற்றுவார்கள். அதைத் தமிழில் ‘பீப்பாய் மாற்றம்’ என்று சிலர் எழுதுவது கண்ணை உறுத்துகிறது. தாரும் எண்ணெயும் அடைக்கும் பீப்பாய் போர்ச்சுகீசிய ‘பீப்பா’விலிருந்து வந்தது. அதன் லத்தீன் மூலத்துக்கு ஊதுகுழல் என்றுதான் பொருள். குழல் பருத்துக் கலமானது ஐரோப்பாவில். தமிழிலோ புல்லாங்குழல், அடுப்பு ஊதும் குழல், குழாய் எல்லாவற்றிலும் உள்துளை அப்படியே நிற்கிறது. ‘துப்பாக்கி’ துருக்கியச் சொல்லின் வழிவந்தது; இருக்கட்டும், அது ஊன்றிவிட்டது. குழலை மட்டும் ஏன் விடவேண்டும்? குழல் செய்யும் வேலைக்கான சொல்லும் அப்படித்தான். குடியாத்தம் லேத் பட்டறையில் தண்டைக் கடைந்து மரை வெட்டும்போது இரும்புச் சீவல் சுருள்சுருளாக விழும். ஒவ்வொரு வெட்டுக்கும் நட்டைத் திருகிப் பார்ப்பார்கள். பல ரைஃபிள்களில் குழலின் அடியிலும் மரை வெட்டித்தான் உடலோடு இறுக்குகிறார்கள். இப்படிக் கடையும் வேலைக்கும் நம்மிடம் ‘கடைசல்’ என்ற சொல் உண்டு. மோர் கடைவதும் கீரை கடைவதும் தீக்கடைகோலும் அதே வினைதான்: சுழற்றிச் செய்வது. லேத்தும் இருக்கட்டும், கடைசலும் இருக்கட்டும். பீப்பாய் தார் அடைக்கவே போகட்டும், துப்பாக்கிக்குக் குழல்தான்.